காணத்தக்க பழைய படங்கள்

பழைய படம் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. "பாட்டுக்கு மேல் பாட்டு, பேச்சுக்கு மேல் பேச்சு, படம் நகரவே நகராது" என்பது அவர்கள் சாட்டும் குற்றம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவ்வாறு சொல்லுகிறவர்களுள் எத்தனை பேர் ஒரு பழைய படத்தையேனும் தொடக்கம் முதல் இறுதி வரை எழுந்திருக்காமல் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால், விடையாக வருவது பெரும்பாலும் சிரிப்புத்தான். பத்து நிமிடத் துண்டு ஒன்றைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒரு கலை முழுவதையும் ஒதுக்கிவிடுதல் நீதியாகுமா?

கராச்சர்மாவில் அறையெடுத்துத் தங்கி வளாகத்துக்குப் போய் வருகிற நமக்கு முன்பெல்லாம் ஒரு சாக்கு இருந்தது. செயற்கைக்கோள் வழியே வந்த இணையத்தில் ஒரு பாட்டுக் காட்சியை முழுதாகப் பார்ப்பதே பொறுமைக்குச் சோதனை. கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவரும் படத்தட்டுகளை எதிர்பார்த்திருந்த காலம் அது. 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடிக் கம்பிவடம் திறந்து வைக்கப்பட்ட பின் அந்தச் சாக்கும் போயிற்று. எனவே எந்தப் படத்தை முதலிற் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றிச் சில சொல்லலாம் என்று கருதுகிறேன். புகழ் பெற்ற படங்களையெல்லாம் வரிசைப்படுத்திக் காட்டுவது என் நோக்கமன்று. இந்தத் தீவில் வாழும் தமிழ் மாணவன் ஒருவன் பார்க்கும்போது சில படங்களுக்கு வேறொரு பொருளும் பிறக்கிறது. அவற்றையே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், ஏன் இத்தனை பேச்சு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்ப் பேசும்படம் நாடகக் கொட்டகையின் மடியில் வளர்ந்த பிள்ளை. கதை நாடகத்திலிருந்து வந்தது. நடிகர் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தார். பாட்டும் அங்கிருந்தே வந்தது. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சிறுவர்களாகவே 'பாய்ஸ் கம்பெனி' என்னும் நாடகக் குழுக்களிற் சேர்ந்து பயின்றவர்கள். ஒலிபெருக்கியின் துணையில்லாமல் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும், கேட்டது நெஞ்சில் நிற்கவும் வேண்டும் என்பதே அந்தப் பள்ளியின் பாடம். அந்தக் குரல் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றபோதும் தன் பழக்கத்தை எளிதில் விடவில்லை. மக்களும் அதை விரும்பினார்கள். வசனங்கள் புத்தகமாக விற்றன, ஒலித்தட்டாகவும் விற்றன. ஆகவே பழைய படத்தைப் பார்க்க உட்காரும்போது பாதி கண்ணாலும் பாதி காதாலும் பார்க்கவேண்டும். படத்தை ஓடவிட்டுக் கைப்பேசியை நோண்டுகிறவனுக்கு அது ஒருநாளும் பிடிபடாது.

இந்தப் பழக்கத்தையெல்லாம் ஒரே அடியில் உடைத்துக்கொண்டு வந்த படம் ஒன்று உண்டு. பழைய படத்தைப் பழிப்பவருக்கு நான் முதலிற் காட்டுவது அதைத்தான். 1954-இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்'. இயக்கியவர் எஸ். பாலசந்தர், ஆம், வீணை பாலசந்தரேதான். இசைமேதை எடுத்த அந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை! ஒரு நடனமும் இல்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதற் படம் அது. பாட்டுக்காகவே கொட்டகைக்குப் போன காலத்தில் இப்படி ஒரு துணிவு.

கதை சென்னையில் நடக்கிறது. காலம் 1943 அக்டோபர். ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையின்மேல் வந்து குண்டு வீசிய சமயம். ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். படம் தொடங்கிய சில நொடிகளில் கதைத்தலைவன் செத்துப்போகிறான் என்றால், அதிலும் அந்தத் தலைவன் சிவாஜி கணேசன் என்றால், அன்றைய இரசிகன் எப்படித் திகைத்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். துப்பறியும் அதிகாரி வருகிறார். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அண்டை வீட்டுக்காரர், ராஜனோடு உறவுகொண்டிருந்த ஒருத்தி என ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் ஐயமும் வேறொருவர்மேல் விழுகிறது. ஒவ்வொருவர் வாய்மொழியிலும் ராஜன் வேறொரு மனிதனாகத் தோன்றுகிறான். ஒரே நடிகர், ஒரே உடை, ஒரே வீடு. ஆனால் மனிதன் மட்டும் மாறுகிறான். சிவாஜி உரக்கப் பேசத்தான் தெரிந்தவர் என்று எண்ணியிருப்பவர்கள், அவர் இப்படத்தில் எத்தனை அடக்கமாக, எத்தனை குளிர்ச்சியாக நடிக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

இது ஜப்பானிய இயக்குநர் அக்கிரா குரோசாவாவின் 'ரஷோமான்' (1950) படத்தைப் பார்த்துச் செய்தது என்று சிலர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவர். தூண்டுதல் அங்கிருந்து வந்தது உண்மைதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 'ரஷோமான்' உண்மை எது என்பதை முடிவுகட்டாமல் நம்மைத் தவிக்கவிடுகிறது. 'அந்த நாள்' உண்மையைத் தேடிப் பிடித்து நம் கையில் கொடுத்துவிடுகிறது. கொடுத்தபின் அது சுடுகிறது. எது உயர்ந்தது என்ற வழக்கு எனக்குத் தேவையில்லை. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் நிழலைக் கையாண்டிருக்கும் திறத்தை மட்டும் தவறாமல் கவனியுங்கள்.

கொலை செய்தது யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் மற்றொன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது; அதையும் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இவ்விடத்திலிருந்து படிக்கலாம். ராஜன் ஜப்பானியருக்கு உளவு சொல்கிறவன். பணத்தாசை பிடித்த கயவனாக அவனைக் காட்டியிருந்தால் படம் சாதாரணமாகப் போயிருக்கும். அவன் அறிவாளி. ஏழை மக்களுக்குப் பயன்படும்படி மலிவான வானொலியைச் செய்ய விரும்பியவன். அதற்கு ஆதரவு கிடைக்காமற் போகவே மனம் கசந்தவன். கல்லூரியில் படிக்கும்போது அவனும் உஷாவும் தோழர்கள். மாணவர்கள் விடுதலைப் போராட்டத்தில் இறங்க வேண்டும் என்று உஷா பேச, அதை மறுத்துப் பேசுகிறவன் அவன். பின்னர் அவளே அவன் மனைவியாகிறாள். அந்த உஷாவாக நடித்த பண்டரிபாயின் நடிப்பு சிவாஜியின் நடிப்புக்கு எள்ளளவும் குறைந்ததன்று. தன் கணவன் நாட்டைக் காட்டிக் கொடுக்கிறான் என்று அறிந்த பெண் என்ன செய்வாள்? 'வெள்ளையன் போனால் ஜப்பானியன் வந்து நமக்கு வாழ்வு தருவான்' என்று நம்பும் அறிவாளிக்கு என்ன மறுமொழி சொல்வாள்?

சென்னைக்கு இது கற்பனைக் கேள்வி. அங்கே ஒரு விமானம் வந்தது, குண்டு போட்டது, போயிற்று. நம் தீவுக்கு இது கற்பனையன்று. 1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியப் படை இங்கே இறங்கியது. 1945 அக்டோபர் வரை இங்கேயே இருந்தது. 'அந்த நாள்' கதை நடக்கும் அதே 1943-ஆம் ஆண்டின் இறுதியில், டிசம்பர் 30-ஆம் நாள், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நம் நகரில்) மூவண்ணக் கொடியை ஏற்றினார். கொடி ஏறிப் பதினைந்து நாளே ஆகியிருந்தது. இந்தியச் சுதந்திர லீகின் தலைவர்களுள் ஒருவராக இங்கு விளங்கிய மருத்துவர் திவான் சிங் 1944 ஜனவரி 14-ஆம் நாள் சிற்றறைச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளாகி உயிர் துறந்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் கராச்சர்மாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அந்த ஊரில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வண்டூர்க் கடற்கரைக்கு உல்லாசமாகப் போகும் நம்மில் எத்தனை பேர் அங்கே இறங்கிப் பார்த்திருக்கிறோம்?

அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? உளவு! ஆங்கிலேயருக்கு உளவு சொன்னார்கள் என்பது. சென்னையில் ஜப்பானியருக்கு உளவு சொன்ன ஒருவனைப் பற்றிய கதை. இங்கே ஆங்கிலேயருக்கு உளவு சொன்னதாகக் கூறி மாய்க்கப்பட்ட மக்கள். ராஜன் எந்த ஆட்சிக்காகத் தன் அறிவை விற்றானோ, அந்த ஆட்சி வந்து மூன்றரை ஆண்டுகள் நடந்து காட்டிய மண் இது. இதை அறிந்து 'அந்த நாள்' படத்தைப் பார்க்கிறவனுக்கு உஷாவின் வாதம் வெறும் வசனமாகக் கேட்காது. படத்தை எடுத்தவர்கள் நம் தீவை நினைத்து எடுக்கவில்லை என்பது உண்மையே. எனினும் அந்தமானில் இருந்துகொண்டு பார்க்கும்போது அதன் கூர்மை இரட்டிப்பாகிறது. நம் சங்கம் இவ்வாண்டு ஒரே ஒரு படத்தைத்தான் திரையிட முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும் என்பேன்.

போரின் நிழல் விழுந்த இன்னொரு படம் 'பராசக்தி' (1952). சிவாஜியின் முதற் படம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கியது, வசனம் மு. கருணாநிதி. இதன் நீதிமன்றக் காட்சியை அறியாத தமிழன் இல்லை. மேடைப் போட்டிகளில் அதைப் பேசிப் பரிசு வாங்கியவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். அந்தப் புகழே படத்துக்குத் தீங்காகவும் முடிந்தது. அந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். நீங்கள் தொடக்கத்தைப் பாருங்கள். இரங்கூனில் மூன்று அண்ணன்மார். மதுரையில் ஒரு தங்கை. தங்கைக்குத் திருமணம். போர்க்காலம் ஆதலால் கப்பலில் ஒருவருக்குத்தான் சீட்டுக் கிடைக்கிறது! விடுமுறைக்கு ஊர் போகக் கப்பற் சீட்டுக்காக வரிசையில் நின்ற நமக்கு இதற்கு உரை வேண்டுமோ? புறப்பட்ட தம்பி உரிய நாளில் வந்து சேரவில்லை. எஞ்சிய அண்ணன்மார் பின்னர் அகதிகளாகப் புறப்படுகிறார்கள். ஒருவர் வழியில் காலை இழந்து பிச்சைக்காரர்களோடு சேர்கிறார்.

1942-இல் பர்மாவை விட்டுக் காட்டு வழியாக நடந்தே வந்த இந்தியர் பல இலட்சம். வழியில் மாண்டவர் ஏராளம். அந்தப் பெருந்துயரத்தைப் பேசும் தமிழ்ப் படங்கள் மிகச் சில. 'பராசக்தி'யை நாத்திகம் பேசிய படம் என்றும், அரசியல் படம் என்றும் சொல்வார்கள், அதெல்லாம் சரியே. ஆனால் அடிப்படையில் அது கடல் கடந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பம் ஒன்று போரினால் சிதறிய கதை. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப்பின் இலங்கையிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கட்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் நம்மோடு படிக்கலாம். இந்தப் படத்தை அவர்கள் பார்க்கும் பார்வை நம்முடையதைவிட ஆழமாக இருக்கும்.

சிறை என்றால் அந்தமான், அந்தமான் என்றால் சிறை என்றிருந்த காலம் நீண்டது. தமிழில் அதற்கென்றே 'தீவாந்தரம்' என்ற சொல் வழங்கிற்று. வ.உ. சிதம்பரனாருக்கு 1908-இல் நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டைத் தீவாந்தரத் தண்டனை, நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் வரலாற்றைப் பி.ஆர். பந்துலு 1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்' என்று எடுத்தார். ம.பொ. சிவஞானம் எழுதிய நூல் அதற்கு அடிப்படை. சிவாஜி வ.உ.சி.யாகவும், எஸ்.வி. சுப்பையா பாரதியாராகவும், டி.கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும் நடித்தார்கள். அதே பந்துலு, அதே சிவாஜி, இரண்டாண்டுக்கு முன் கொடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பெருவெற்றி பெற்றது. இந்தப் படமோ தேசிய விருது பெற்றும் எடுத்தவருக்கு நட்டத்தையே தந்தது. கட்டபொம்மன் முழங்குகிறான், வ.உ.சி. செக்கிழுக்கிறார். முழக்கத்துக்குக் கூடிய கூட்டம் செக்குக்குக் கூடவில்லை. எனக்கு இரண்டில் பிடித்தது இரண்டாவதுதான். சிற்றறைச் சிறைக்குச் சென்று, அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் செக்கைப் பார்த்துவிட்டு வந்து, அன்றிரவே இந்தப் படத்தைப் பாருங்கள்.

கைதியைப் பற்றிய படங்களில் இன்னொன்று, இதைவிடப் பழையது: 1950-இல் பட்சிராஜா நிறுவனத்துக்காகக் கே. ராம்நாத் இயக்கிய 'ஏழை படும் பாடு'. பிரெஞ்சு நாவலாசிரியர் விக்தர் ஹியூகோவின் பெருங்கதையைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் இந்தப் பெயரில் தமிழாக்கியிருந்தார். படத்துக்கும் அதே பெயர் அமைந்தது. ரொட்டி திருடியதற்காகச் சிறை சென்றவனை வாழ்நாள் முழுதும் சட்டம் துரத்துகிறது. நாகையாவின் கண்களில் தெரியும் சாந்தம் வேறு யாருக்கும் வராது. துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். அந்த வேடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு, பின்னர் அவர் 'ஜாவர் சீதாராமன்' ஆனார். 'அந்த நாள்' படத்துக்கு வசனம் எழுதியதும், அதில் துப்பறியும் அதிகாரியாக வந்ததும் இவரே. தண்டனை முடிந்தவன் மீண்டும் மனிதனாக முடியுமா என்பது இந்தப் படத்தின் கேள்வி. விடுதலை பெற்ற கைதிகள் இங்கேயே குடியேறி, மணந்து, ஊர்களை உண்டாக்கி, அவர்கள் வழிவந்தோர் இன்றும் மதிப்போடு வாழும் தீவில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பதில் தனிச் சுவை உண்டு.

தலைப்பிலேயே அந்தமானைத் தாங்கிய படங்கள் எவையும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்தைக் கொண்டு 1952-இல் வந்த 'அந்தமான் கைதி', எம்.ஜி.ஆர். நடித்தது. தலைப்பைக் கண்டு நம் தீவைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கைதியாகிய ஒருவன் தன் குடும்பத்துக்கு நேர்ந்த கேட்டைச் சொல்லும் கதை அது. எம்.ஜி.ஆரின் தொடக்க கால நடிப்பைக் காண விரும்புவோர் பார்க்கலாம். 1978-இல் முக்தா சீனிவாசன் இயக்கிய 'அந்தமான் காதலி'யில் சிவாஜியும் சுஜாதாவும் நம் கடற்கரைகளிலேயே நடமாடுகிறார்கள். கதையைவிட, அந்நாளைய நம் ஊர் எப்படியிருந்தது என்று பார்ப்பதற்காகவே அதைப் பார்க்கலாம். இன்றுள்ள கட்டடங்கள் இல்லாத மேடுகளைத் திரையிற் கண்டு உள்ளூர் நண்பர்கள் இடத்தை அடையாளம் சொல்லுவது படத்தைவிடச் சுவையாக இருக்கும்.

இவற்றையெல்லாம் நல்ல படியிற் பாருங்கள் என்று சொல்ல ஆசை. ஆனால் நல்ல படி கிடைப்பது எல்லாப் படத்துக்கும் வாய்க்கவில்லை. அந்நாளைய படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளாலானது. எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் தானே மக்கிப் போகும். அதிலிருந்த வெள்ளியை எடுப்பதற்காகப் பழைய சுருள்களை விற்றுவிட்டவர்களும் உண்டு. ஓடி முடிந்த படத்தை யார் மறுபடியும் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணந்தான். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியது 1964-இல். அதற்குள் அழிந்தவை அழிந்துவிட்டன. தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' (1931), டி.பி. ராஜலட்சுமி நடித்தது, அதன் படி ஒன்றும் இன்று கிடையாது. முதல் தமிழ்ப் பேச்சு எப்படித் திரையில் ஒலித்தது என்பதைக் கேட்க இனி வழியில்லை. ஆகவே, இணையத்தில் கிடைக்கும் ஒரு படி சற்றே கீறலும் இரைச்சலுமாக இருந்தால், பழிக்காமல் பாருங்கள்; கிடைத்ததே பெரிது. வண்ணம் பூசிய மறுபதிப்புகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நிழலுக்காக விளக்கை வைத்தவன் உழைப்பு அதில் பாழாகிறது.

துயரப் படங்களையே சொல்லி உங்களை அழவைத்துவிட்டேன் என்று குறை வேண்டாம். சிரிக்க விரும்புவோர் 'சபாபதி' (1941) பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். தலைவன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. டி.ஆர். இராமச்சந்திரன் முழிக்கும் முழியும், காளி என். ரத்தினம் சொன்னதைச் சொன்னபடியே செய்து கெடுக்கும் அழகும் எண்பதாண்டு கடந்தும் பழையதாகவில்லை. படிப்பு ஏறாத பணக்கார மாணவனும் அவனோடு மல்லுக்கு நிற்கும் தமிழ் ஆசிரியரும் வரும் காட்சிகளை நம் வகுப்பில் யார் யாரோடு ஒப்பிடலாம் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். அடுத்து ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). அதில் நாகேஷ் தம் படத்தின் கதையைச் சொல்ல, பாலையா பயந்து நடுங்கிக் கேட்கும் காட்சி. நாகேஷ் சிரிக்க வைக்கிறார் என்று எல்லாரும் அவரையே பார்ப்பார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது பாலையாவை மட்டும் பாருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்தபடியே, முகத்தாலேயே அந்தக் காட்சியைத் தாங்குகிறவர் அவர்தான்.